எந்தக் கட்டத்தில் போடுவது?

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்புத் தங்கத்துக்கு,

அத்தை எழுதுவது. உனக்கு வாந்தி நின்றுவிட்டது என்று உன் அம்மா சொன்னாள்; நிம்மதி. மாப்பிள்ளை பெர்த் முழுக்க அலைந்து உனக்குக் கறிவேப்பிலை வாங்கி வந்தாராமே. அதைக் கேட்டு உன் அப்பாவே சிரித்துவிட்டான்.

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லாததற்கு அவன்தான் காரணம். பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது இனம் என்று ஒரு கட்டம் வருமே, அதில் என்ன போடுவது என்பது உன் கேள்வி. உன் அப்பா ‘இந்தியர்’ என்கிறான். உன் மாமியார் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. குடும்பப் பெயர் சீனப் பெயராக இருக்கும்போது இதில் கேள்வி எங்கிருந்து வந்தது என்ற முகத்தோடு இருக்கிறார். மாப்பிள்ளை ‘மற்றவர்’ என்று போட்டால் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்ளும் என்கிறார். நீயோ எதையும் போடாமல் விட முடியாதா, மனுசப் பிள்ளை என்றால் போதாதா என்கிறாய். நாலு பேருக்கு நாலு பதில். ஐந்தாவதாக என்னைக் கேட்டாய். ஓய்வுபெற்ற தமிழாசிரியையிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அப்பா எந்த இனமோ பிள்ளையும் அந்த இனம், முடிந்தது கதை. 2010-இல்தான் தாய், தகப்பன் இருவரில் யாருடைய இனத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது. 2011 ஜனவரி 1 முதல் இரண்டையும் நடுவில் ஒரு கோடு போட்டுச் சேர்த்தே பதியலாம். இந்தியர்-சீனர், சீனர்-இந்தியர், உங்கள் இஷ்டம். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீடு வாங்குவது போன்ற அரசாங்கக் கணக்குகள் வரும்போது கோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் செல்லும். பின்னால் இருப்பது மரியாதைக்கு. ஆக இரண்டையும் போட்டாலும் எது முன்னால் என்ற சண்டை மிச்சம் இருக்கிறது. உன் அப்பா இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நீயாக எடுத்துக் கொடுக்காதே.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். ‘மற்றவர்’ என்பது ஆளில்லாத இடமல்ல. ஐரோப்பியரும் ஆசியரும் கலந்த வம்சத்தாரான யுரேசியர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். நாட்டின் இரண்டாவது அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் யுரேசியர்தானே. தன் பெயரைச் சொல்லாத ஒரு கட்டத்தில் ஒரு சமூகமே குடியிருக்கிறது. ஒரு தாத்தாவுக்கும் ஒரு பாட்டிக்கும் பயந்து ஓடி ஒளியும் இடமாக அதை நினைக்க வேண்டாம்.

இனி உன் பதில். எதையும் போடாமல் விடுவது. உன் வயதில் எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டிருக்கும். ஆனால் கட்டத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை யார், எதற்குப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டாமா?

முதலில் போட்டவன் வெள்ளைக்காரன். 1822-இல் ராஃபிள்ஸ் வகுக்கச் சொன்ன நகரத் திட்டத்தில் ஊரையே கூறு போட்டார்கள். சீனருக்கு ஒரு பக்கம், தென்னிந்தியச் சூலியருக்கு ஒரு பக்கம், மலாய்க்காரருக்கும் அரபுகளுக்கும் கம்போங் கிளாம், ஐரோப்பியருக்குத் தனி நகரம். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஊர் அதைக் கேட்டதா? மாரியம்மன் கோயில் எங்கே இருக்கிறது, சொல். சவுத் பிரிட்ஜ் சாலையில், சைனாடவுனுக்கு நட்டநடுவில். 1827-இலிருந்து அங்கேதான். அதே சாலையில் கூப்பிடு தூரத்தில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். பக்கத்துச் சந்துக்கு பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்ததே நம் கோயில் கோபுரத்தைப் பார்த்துத்தான். சைனாடவுன் பார்க்க வரும் சுற்றுப்பயணிகள் பாதிப் பேர் அதைச் சீனப் பெயர் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு உன்னைச் சின்ன வயதில் அழைத்துப் போனது நினைவிருக்கலாம். குவான் யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து. போன வாரமும் போனேன். ஒரு சீன அம்மா, கையில் ஊதுபத்திக் கட்டு, தோளில் சந்தைப் பை. குவான் யினிடம் வேண்டுதலை முடித்துவிட்டு நேராக நம் வாசலுக்கு வந்தார். பையைக் கீழே வைத்தார், பத்தியை நெற்றிக்கு மேலே தூக்கி மூன்று தரம் ஆட்டினார், கலசத்தில் செருகினார், கைப்பேசியை எடுத்து மணி பார்த்தார், போய்விட்டார். அவருக்கு இது சமய நல்லிணக்கம் என்று யாராவது சொன்னால் முறைத்திருப்பார். வழியில் இருக்கிற சாமியைக் கும்பிடாமல் போவது எப்படி என்பதுதான் அவர் கணக்கு.

ஆனால் ஊர் தானாகக் கலந்துகொள்ளும், அரசாங்கம் தலையிடாமல் இருந்தாலே போதும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதே. 1964-ஐ நான் பார்த்தவள். ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தன்று கலவரம் தொடங்கியது. அந்தக் கலவரத்தில் மட்டும் 23 பேர் செத்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்தது. நமக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை, சீனருக்கும் மலாய்க்காரருக்கும்தான். ஆனாலும் ஊரடங்கு போட்ட அன்று உன் தாத்தா துறைமுகத்திலேயே தங்கிவிட்டார், என் அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தார். உன் அப்பா கைக்குழந்தை. அவன் அழுத அழுகைக்குத் தெருவே எழுந்திருக்கும். அந்த மாதிரி ஒரு வாரத்தைப் பார்த்துவிட்டு, மறு வருடமே தனிநாடாகிவிட்ட ஓர் அரசாங்கம் ‘எல்லாரும் தன்னால் ஒன்றாகிவிடுவார்கள்’ என்று விட்டுவிடுமா? கட்டங்களை அழிக்கவில்லை. நான்காக வைத்துக்கொண்டது: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். பல கொள்கைகளை அதன்மேல் கட்டியது.

1988-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்குக் குழுத்தொகுதி வந்தது, பல வேட்பாளர் ஒரே குழுவாக நிற்பது. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை வேட்பாளர் ஒருவராவது இருந்தாக வேண்டும். 1989 மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன விகிதம் வந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு மலாய்க்காரரோ இந்தியரோ இல்லாமல் போய்விடக் கூடாது, ஒரு பேட்டையே ஒரே இனமாகிவிடக் கூடாது என்பதுதான் எண்ணம். எண்ணத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். நீ வளர்ந்த மாடியை நினைத்துப் பார். எதிர் வீட்டில் மலாய்க் குடும்பம், லிஃப்ட் பக்கத்தில் சீனக் குடும்பம், மூலை வீட்டில் நாம். நோன்புப் பெருநாளுக்கு வந்த குவே பலகாரமும் சீனப் புத்தாண்டுக்கு வந்த மாண்டரின் ஆரஞ்சும் நம் தீபாவளி முறுக்கும் ஒரே தட்டில் போய் வந்துகொண்டிருந்தன. அந்த மூன்று வீடும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தவை இல்லை. யாரோ ஓர் அதிகாரி கணக்குப் போட்டதால் வந்தவை. நட்பு நம்முடையது, அக்கம்பக்கம் அவர்கள் ஏற்பாடு.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் உன் வீடே பார்த்தது. உன் அப்பா ஈசூன் வீட்டை விற்ற கதை உனக்குத் தெரியும், ஆனால் ஏன் அப்படி ஆனது என்று அவன் உனக்கு விளக்கியிருக்க மாட்டான், இன்னும் எரிச்சல். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சுற்றுவட்டாரத்தில் 84. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து புளோக்கில் 15, வட்டாரத்தில் 12. 2010-க்கு முன்னால் அது 13-உம் 10-உம்தான். அந்தப் புளோக்கில் சீனர் கணக்கு நிரம்பிவிட்டது. நிரம்பினால் சீனர் விற்பதற்குத் தடையில்லை, அவர் யாருக்கும் விற்கலாம். இந்தியர் சீனருக்கு விற்க முடியாது, ஏனென்றால் சீனர் ஒன்று கூடிவிடும். நாட்டில் முக்கால்வாசிப் பேர் சீனர். வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு மிச்சம் இருப்பவர்களிடம் பேரம் பேசினால் என்ன விலை கிடைக்கும்? நல்ல விலைக்கு ஒரு சீனத் தம்பதி தயாராக நின்றார்கள். கடைசியில் அதைவிடக் குறைத்துத்தான் கைமாறியது. எல்லாரையும் கலந்து வைப்பதற்கான செலவைச் சிறுபான்மைக்காரன் தன் வீட்டு விலையிலிருந்து கட்டினான். இது ஒரு பெரிய கோணல். ரொம்ப வருடம் கழித்துத்தான் இதைச் சரிக்கட்ட வேண்டும் என்ற பேச்சே நாடாளுமன்றத்தில் வந்தது.

இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் உன் கட்சிக்கு வந்துவிடுவேன். ஆனால் என் சோறு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. அதற்கு முந்திய கணக்கெடுப்பில் 3.3. இந்தச் சுண்டைக்காய் எண்ணிக்கைக்கு அதிகாரத்துவ மொழி, நாடாளுமன்றத்தில் பேசும் உரிமை, தொடக்கநிலை ஒன்றிலிருந்து பாடம், நோட்டில் எழுத்து, தொலைக்காட்சி, எல்லாம் இருக்கிறது. தலையை எண்ணிக் கொடுத்திருந்தால் எப்போதோ போயிருக்கும். இந்தியர் என்று ஒரு கட்டம் இருந்தது, அந்தக் கட்டத்துக்கு ஒரு மொழி வேண்டியிருந்தது, நாம் உள்ளே உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தமிழர்களா? அதுதான் இல்லை. என் வகுப்பில் மலையாளிப் பிள்ளைகள் இருந்தார்கள், தெலுங்குப் பிள்ளைகள் இருந்தார்கள். இந்தி, பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி, உருது படிக்க 1990 வாக்கில் வழி பிறந்தது. மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் அப்போதும் இல்லை. பாட்டி வீட்டில் மலையாளம் பேசுகிற பெண் என்னிடம் வந்து ‘தாய்மொழிப் பாடம்’ என்ற பெயரில் தமிழ் எழுதுவாள். அருமையாக எழுதுவாள், அது வேறு விஷயம். தமிழ்ப் பெயர் உள்ள பிள்ளைகளில் பலர் என்னிடம் வருவதற்கு முன் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் கேட்டதில்லை. பதிவில் கொட்டை எழுத்தில் இந்தியர் என்று இருக்கும். அதனால் வாயில் தமிழ் வந்துவிடாது என்பதை வருடா வருடம் ஜனவரியில் பார்த்தவள் நான்.

நம்மைவிட மோசம் உன் கணவரின் பாட்டி, ஆ மா. ‘சீனர்’ என்ற கட்டத்துக்கு ஒரே மொழி என்று முடிவாகி, 1979-இல் மாண்டரின் பேசச் சொல்லி இயக்கம் வந்தது. வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியெனும் தியோச்சியுவும் கண்டனீசும் விலகிப் போயின. ஆ மாவுக்குத் தியோச்சியுதான் வரும். மாண்டரின் அரைகுறை. ஆங்கிலம் ‘சாரி’, ‘தேங்க் யூ’ அளவுக்கு. உன் கல்யாணத்தன்று தேநீர் சடங்கு முடிந்து அவரும் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து அரட்டை அடித்தோமே, எந்த மொழியில் என்று கவனித்தாயா? சந்தை மலாயில். எங்கள் தலைமுறைக்கு அதுதான் பொது. சொந்தப் பேரப்பிள்ளைகளோடு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியாதவர், முன்பின் தெரியாத தமிழ்க்கிழவியோடு ஒரு மணி நேரம் பேசினார், மீன் விலையிலிருந்து முட்டி வலிவரை. கட்டம் ஒரு மொழியைக் காப்பாற்றும், இன்னொன்றைப் பட்டினி போடும். தமிழுக்கு நல்லகாலம், தியோச்சியுவுக்கு இல்லை.

இங்கே கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் கலவைப் பண்டமான ரொஜாக் தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். எனக்குப் பிடிக்காது. சாப்பாட்டுக்கு உவமை சொல்லிவிட்டால் யோசித்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

கலப்பு என்பது ஏதோ உன் காலத்துப் புதுமை என்று உன் அப்பா நினைக்கிறான். மேடைக்கு மேடை தமிழவேள் கோ. சாரங்கபாணி என்று முழங்குகிறானே, அவரைப் பற்றிக் கேள். 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியவர். தமிழர் திருநாளை ஊர்த் திருநாளாக்கியவர். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று சாதாரணக் கூலித்தொழிலாளியிடமும் நன்கொடை வாங்கியவர். ‘ஊருக்குப் போகிறேன், ஊருக்குப் போகிறேன்’ என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்த நம் ஆட்களை இங்கேயே குடியுரிமை எடுக்கச் சொன்னவர். அவர் மனைவி யார்? லிம் பூன் நியோ, பெரனாக்கான் சீனப் பெண்மணி. 1937-இல் கல்யாணம். சிங்கப்பூரில் தமிழ் இன்றைக்கு நிற்கிறது என்றால் அந்த வீட்டுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை அப்பா முறைத்தால் இதை எடுத்துவிடு. அதற்குமேல் பேச மாட்டான்.

இன்னும் பின்னால் போனால் மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் கப்பலில் வந்த நம் வணிகர்கள், உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள். நூற்றாண்டுகளாக வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது விநாயகரும் அம்மனும். ஒரு பொங்கல் சமயம் காஜா பெராங்கில் அவர்கள் கம்பத்துக்குப் போயிருந்தேன். போகிக்கு முன்னோர் படையல் வைக்கிறார்கள். வாழையிலை போட்டு, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, எல்லாம் நம்மைப் போலத்தான். இலையில் பார்த்தால் சம்பாலும் தேங்காய்ப்பால் சோறும். பாட்டி கெபாயாவும் சாரோங்கும் கட்டிக்கொண்டு, மலாயில் செத்துப்போன மாமியாரைச் சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னோடு வந்த ஒரு ஆசிரியை ‘பாவம், தமிழ் போய்விட்டதே’ என்று உச்சுக்கொட்டினாள். எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. மொழி போய் எத்தனையோ தலைமுறையான பிறகும் போகியைக் கைவிடாத குடும்பம் அது. இவள் வீட்டில் தமிழ் இருக்கிறது, போகிக்கு அவள் மால் போய்விட்டு வந்தாள்.

இதே கதையின் மறுபாதி முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் எழுத்தின் தந்தை என்று பள்ளியில் படித்திருப்பாய். அவர் முன்னோரில் தமிழர் உண்டு. அந்த வம்சத்துக்கு இன்றைக்கு எந்தக் கட்டத்தைக் கொடுப்பாய்?

சரி, உன் கேள்வியின் முள்ளுக்கு வருகிறேன். 2017 அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு என்று ஒதுக்கப்பட்டபோது ஹலிமா யாக்கோப் போட்டியின்றி வந்தார். அவர் தகப்பனார் இந்திய முஸ்லிம், தாயார் மலாய்க்காரர். ‘அப்படியானால் அவர் மலாய்க்காரரா?’ என்று கோப்பிக்கடைக்குக் கோப்பிக்கடை ஒரே வாதம். அந்த நேரம்தான் அரசியல் சாசனத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். இரத்தத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. பிறப்பால் மலாய்க்காரரோ இல்லையோ, தன்னை அந்தச் சமூகத்தவர் என்று கருதுகிறவர், அந்தச் சமூகமும் பொதுவாக அப்படி ஏற்றுக்கொள்கிறவர்: அவ்வளவுதான் இலக்கணம். பிறப்புச் சான்றிதழில் அத்தனை கறாராக இருக்கிற நாடு, நாட்டின் உச்சப் பதவிக்கு வரும்போது இவ்வளவு தாராளமாக எழுதி வைத்திருக்கிறது. ஒதுக்கீட்டுத் தேர்தல் சரியா என்பது வேறு சண்டை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. 2023-இல் ஒதுக்கீடு எதுவும் இல்லாமலே தமிழ் வம்சாவளியான தர்மன் சண்முகரத்னம் 70 விழுக்காடு வாக்கு வாங்கி அதிபராக வந்ததைப் பார்த்த பிறகு அது கூடிவிட்டது. ஆனால் அந்த இலக்கணம் நல்ல இலக்கணம்.

அதில் இரண்டு பாதி இருக்கிறது பார். தன்னை என்னவென்று நினைக்கிறது என்பது உன் பிள்ளையின் வேலை. பேசத் தெரிந்து, யோசிக்கத் தெரிந்து, ஒரு வயதில் ஒன்றும் இன்னொரு வயதில் இன்னொன்றுமாகச் சொல்லும். அதை நீ இன்றைக்கே கட்டத்தில் எழுதி முடித்துவைக்க முடியாது. ஏற்றுக்கொள்வது என்கிற மறுபாதி நம் எல்லாருடைய வேலை. அதில்தான் நாம் மோசம். நாலு கட்டமும் போதாது, இன்னும் நாலு சேர்க்கலாம் என்கிறார்கள், சேர்க்கட்டும். ஏற்கெனவே இருக்கிற கட்டத்துக்குள்ளேயே யாரை உட்கார விடுகிறோம்?

நம்மையே பார். உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் எத்தனை பேர் ‘பிள்ளை வெள்ளையாப் பிறக்கும்’ என்று சொன்னார்கள்! சந்தோஷமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. சப்பை மூக்கு என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவர்களை ‘புதுசா வந்தவங்க’ என்று நம் ஆட்களே ஒதுக்குகிறார்கள். கட்டம் ஒன்றுதான், பந்தி வேறு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா தேக்காவில் பேருந்துக்கு நிற்கிற கட்டுமானத் தொழிலாளி, உன் தாத்தாவின் ஊர்ப் பக்கத்துப் பையன், உன்னைவிட நல்ல தமிழ் பேசுகிறவன், அவன் வருகிறான் என்று நம் குடும்பங்கள் அன்றைக்குத் தேக்கா போவதையே நிறுத்திவிட்டன. 2023 கணக்கில் நாட்டில் 59 இலட்சம் பேர் என்றால் 17 இலட்சத்துக்கு மேல் நிரந்தரவாசம் இல்லாமல் வந்திருப்பவர்கள். எந்தக் கட்டமும் அவர்களை எண்ணுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இன நல்லிணக்க நாளுக்குப் பிள்ளைகளுக்குக் கெபாயாவும் சியோங்சாமும் வேட்டியும் மாட்டி நான்தான் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தேன். அந்தப் படத்துக்குள்ளும் அவர்கள் வருவதில்லை.

கட்டத்தை அழித்துவிட்டால் இதெல்லாம் போய்விடுமா? பிரான்சில் அரசாங்கம் மக்களை இனவாரியாக எண்ணுவதில்லை. அதனால் அங்கே வேலைக்கு மனுப் போடுகிறவனின் அரபுப் பெயரை யாரும் பார்க்காமலா விடுகிறார்கள்? எண்ணாவிட்டால் அநியாயம் நடந்தது என்று காட்டக் கணக்கு இல்லாமல் போகும், அவ்வளவுதான். இங்கே அறை வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டாம்’ என்று கூச்சமில்லாமல் எழுதினவர்கள் அடையாள அட்டையைப் பார்த்தா எழுதினார்கள்? 2021-இல் ஆர்ச்சர்ட் சாலையில் உங்களைப் போன்ற ஒரு ஜோடியை ஒருவர் நிறுத்தி வசைபாடினாரே, அவருக்கு யாருடைய பிறப்புச் சான்றிதழும் தேவைப்படவில்லை. அந்தக் காணொளியை நீ எனக்கு அனுப்பிவிட்டு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அன்று இரவு தூங்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு என்பதால் 2011-ஐ நினைவூட்டுகிறேன். அதற்குச் சில வருடம் முன்பு, சீனாவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தது. அவர்கள் இல்லாத நேரம் மட்டும் கறி சமைப்பதாகச் சமரசம் ஆனது. இது பத்திரிகையில் வந்ததும் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே கறி சமைப்போம் என்று கிளம்பினார்களே! நம் புளோக்கில் சீனர் வீடுகளில்தான் வாசம் தூக்கியது. கறி எங்கள் கறி என்று இந்தியர் சொல்வதற்குள் சீனரும் மலாய்க்காரரும் சொல்லிவிட்டார்கள். சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது. இந்தியனுக்காகச் சேர்ந்தார்கள், சரி. சீனாவிலிருந்து வந்தவனுக்கு எதிராகவும் அல்லவா சேர்ந்தார்கள்?

ஆகவே தங்கம், கட்டம் இருக்கட்டும் என்பது என் கட்சி. அதன்மேல் தொங்கவிட்டிருக்கிற சாமான்களைத்தான் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எண்ணுவதற்கும், யார் விடுபட்டுப்போகிறார்கள் என்று பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளட்டும். எந்த மொழி படிப்பது என்பதற்கு அது எதற்கு? ஒரு சீனப் பையன் தமிழ் படித்தால் நாம் அதைப் பத்திரிகையில் படம் போட்டுக் கொண்டாடுகிறோம். கொண்டாட்டமே தேவைப்படாத அளவுக்கு அது சாதாரணமாக வேண்டும். யாருக்கு வீட்டை விற்கலாம் என்பதில் அது நுழைந்தால் நஷ்டத்தை விற்கிறவன் தலையில் கட்டாமல் பொதுவில் ஏற்க வேண்டும். சம்பளச் சீட்டில் உனக்கு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கும் மாப்பிள்ளைக்குச் சீனர் மேம்பாட்டு மன்றத்துக்கும் என்று தனித்தனியாகப் பிடித்தார்களே, பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லித்தர ஏழைக் குடும்பமா என்று பார்த்தால் போதாதா? தேசிய உறுதிமொழியின் வரைவை 1966-இல் எழுதிய அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சிரம்பானில் வளர்ந்தவர், மனைவி ஹங்கேரிக்காரர். இந்த நாட்டவனாக இருப்பது முன்னோரைப் பொறுத்ததல்ல, மனமுவந்து எடுக்கிற முடிவு என்று கடைசிவரை வாதாடினார். அவர் இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்திருப்பார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 1964-இல் கட்டிலுக்கு அடியில் படுத்தவள் ஆயிற்றே.

உன் கேள்விக்குப் பதில். சேர்த்தே போடுங்கள். எது முன்னால் என்றால், சீனர்-இந்தியர் என்று போடு. தமிழாசிரியை வாயில் இதை எதிர்பார்த்திருக்க மாட்டாய். வீடு விற்கிற காலத்தில் உன் அப்பா பட்டதை அந்தப் பிள்ளை படவேண்டாம். காகிதத்தை எதற்குப் பயன்படுமோ அதற்குப் பயன்படுத்திக்கொள். பள்ளியில் எந்த மொழி என்பதைக் கலப்புக் குடும்பங்களில் பெற்றோர் விருப்பப்படி கேட்டுக்கொள்ளலாம், அதை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்வோம். தமிழை என்னிடம் விடு. சனி, ஞாயிறு இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டால் நான் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேச மாட்டேன். ஆனால் அதே அளவு நேரம் ஆ மாவிடமும் விட வேண்டும், அவர் தியோச்சியு தவிர வேறு பேசக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வை. தமிழுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தியோச்சியுவுக்கு ஆ மாதான் பள்ளிக்கூடம், அவருக்கு வயது எண்பத்து நாலு.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சாரங்கபாணி விஷயத்தை முதலில் நானே எடுத்துப் பார்க்கிறேன்.

விமானத்தில் ஏற்றமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே கிளம்பி வந்துவிடு, எட்டாம் மாதம் வரை வேலை வேலை என்று இழுக்காதே. பிரசவத்துக்குப் பிறகு என்ன சாப்பாடு என்பதில் உன் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இப்போதே பேச்சு முற்றிக்கொண்டிருக்கிறது. இவள் பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு என்கிறாள்; அவர் இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்ட கோழி என்கிறார். தலைக்குக் குளிக்கலாமா என்பதிலும் ஒத்துவரவில்லை. நீ இரண்டையும் தின்றுவிட்டு, தலைக்கு எப்போது குளிப்பது என்பதை மட்டும் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடு.

அவர்களுக்கு முழுமாதச் சடங்கு, சிவப்பு முட்டை கொடுக்க வேண்டும்; நமக்கு முப்பதாம் நாள் தொட்டில். ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆ மா ஒப்புக்கொண்டார். புளோக்கின் கீழ்த்தளத்தைக் கேட்டு வைக்கிறேன். எதிர் வீட்டு மலாய்க் குடும்பம் வரும், ஆகவே சாப்பாடு ஹலால்தான், அதில் பேச்சில்லை. பிரியாணியா, மீகோரெங்கும் சேர்த்தா, எத்தனை பேர் என்று அடுத்த வெள்ளிக்குள் சொல். கேட்டரிங்காரர் முன்பணம் கேட்கிறார்.

அன்புடன்,
உன் அத்தை